கண்டுபிடிப்பதற்குக் கூலி

பாகூர் ஏரியின் நீர் பாயும் எங்கள் ஊர்களில், நான் சிறுவனாயிருந்த காலத்தில், கார் என்றவுடன் மனத்தில் தோன்றியவை அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியுமே. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் அவசர வைத்தியத்துக்கும் கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வாடகைக்கு வந்த அந்த வண்டிகளின் கதவில், கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி இருந்தது; அதைச் சுற்றும் பாக்கியத்துக்காகவே பிள்ளைகள் நாங்கள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டையிட்டுக்கொள்வோம். அதில் பழுது வந்தால் அது ஒளிந்திருப்பதில்லை. பிடி வெறுமனே சுற்றினால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது என்றும், சுற்றவே மறுத்தால் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் மண் அடைத்துக்கொண்டது என்றும், டிரைவர் மட்டுமல்லாமல் பின்னால் அமர்ந்திருக்கும் பாட்டியும் சொல்லிவிடுவாள். கையின் வலிமை நேராகக் கண்ணாடிக்குச் சென்றது. நடுவில் எங்கே தடை உண்டாயிற்று என்பதையும் கையே உணர்ந்தது.

அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார் 1940-ஆம் ஆண்டிலேயே, பொத்தானை அழுத்தினால் எண்ணெயின் அழுத்தத்தால் கண்ணாடி தானாக நகரும் ஏற்பாட்டைத் தங்கள் உயர்ரக வண்டிகளில் கொண்டுவந்தார்கள். பின்னர் எண்ணெய் போய், ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறு மின்மோட்டார் குடியேறியது. நம் நாட்டில் அந்த வசதி செல்வர்களின் வண்டிகளைக் கடந்து நடுத்தரக் குடும்பங்களை எட்டுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் சான்ட்ரோவும், மறைமலைநகரிலிருந்து அதற்கு அடுத்த ஆண்டு ஐகானும் வெளிவரத் தொடங்கிய பிறகு, சிறிய கார்கள் நகரத்துத் தெருக்களை நிறைத்தன. அவற்றை முதலில் வாங்கியவர்கள் புதியவற்றுக்கு மாறியபோது, பழையவை இரண்டாம் கையாகக் கைமாறி எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்த வண்டிகளில் ஒன்றைத்தான், என் தாயாரின் வைத்தியத்தை முன்னிட்டு, உபாத்தியாயர் உத்தியோகத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு நான் வாங்கினேன்.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அவரை அடிக்கடி அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர் வழியாகக் கோரிமேட்டுக்குப் போகும் அந்தப் பிரயாணத்தில், காருக்குள் குளிர்சாதனக் காற்று பட்டால் அவருக்கு மூச்சு முட்டும். ஆகையால் முன் இருக்கையில், இடப்பக்க ஜன்னலருகே, கண்ணாடியை அவரே இஷ்டம்போல் இறக்கி வைத்துக்கொண்டு வருவார். நெல்வயல்களின் ஓரமாகப் போகும்போது முழுவதும் இறக்குவார். செங்கல் லாரி முன்னால் புழுதி கிளப்பினால் ஏற்றுவார். வில்லியனூர்க் கோபுரம் தெரிந்ததும் பாதி இறக்கிக் கையெடுத்துக் கும்பிடுவார். முழங்கால் வலியும் கைநடுக்கமும் உள்ள ஒரு மூதாட்டிக்கு, ஒரு விரல் அழுத்தினால் காற்று வரும், மறுபுறம் அழுத்தினால் நிற்கும் என்னும் அந்தச் சிறிய சுதந்திரம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பவர் விண்டோ என்பது ஆடம்பரம் என்று சொல்லுவோரிடம் எனக்கு அன்றுமுதல் உடன்பாடு இல்லை.

அந்த ஜன்னல்தான் ஓர் ஐப்பசி மாதத்தில் கைவிட்டது. அம்மா வழக்கம்போலக் கண்ணாடியைப் பாதியளவு இறக்கினார், கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ளவே ஏற்ற முயன்றார், அது ஏறவில்லை. என் கதவில் இருக்கும் சுவிட்சுகளில் அவர் ஜன்னலுக்குரியதை நான் அழுத்திப் பார்த்தேன்; அதற்கும் அசைவில்லை. துண்டை ஜன்னலில் பிடித்துக்கொண்டு, தோளும் மடியும் நனைந்தபடி அவர் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தார். ஒரு யந்திரத்தின் சிறு கோளாறு நோயாளி ஒருவரின் உடம்பில் போய் முடிகிறது என்ற எண்ணம் அன்று என்னை மிகவும் வருத்திற்று.

நகரத்தில் இருந்த பெரிய பட்டறை ஒன்றுக்கு மறுநாள் வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே ஒருவர் வந்து சுவிட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்தாற்போல் மாற்றவேண்டும், சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, என் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியை விழுங்கும் ஒரு தொகையையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு ஸ்குரூவைக்கூட அவர் கழற்றவில்லை. ஒரு கேள்விகூட என்னைக் கேட்கவில்லை. சாமான் வரும்வரையில் ஜன்னலுக்குப் பாலித்தீன் உறையை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜன்னல் ஏறவில்லை, ஜன்னலை ஏற்றுவது மோட்டார், ஆகவே மோட்டாரை மாற்று என்பது அவருடைய முறை. காரியம் எங்கே தவறுகிறதோ அங்கேயே காரணமும் இருக்கும் என்னும் எண்ணம் உலகத்தில் பெரும்பாலோருக்கு இயல்பானதுதான்.

வில்லியனூரில், திருக்காமீஸ்வரர் கோயில் தேரோடும் வீதிகளுக்குச் சற்று அப்பால், வாகனங்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பாய் கடை வைத்திருந்தார். பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்ததும், அந்த மரபையொட்டி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொடுவதுமான அந்தத் தேர்த்திருவிழாவின்போது, சுற்றுவட்டாரத்து வண்டிகளெல்லாம் நிற்கும் அந்த இடத்தில், பாயின் கடையைக் கேட்டால் வழிகாட்டாதவர் இல்லை. ஓலைக்கீற்றுக்குக் கீழே ஒரு மேஜை, பேட்டரிகள் சில, சுவரில் ஆணியில் தொங்கும் வயர்க் கட்டுகள், ஒரு பையன்: அவ்வளவுதான் அவருடைய பட்டறை. கருவிகளில் அவர் அதிகமாக நம்பியது, ஒரு சிறு பல்பின் இரு முனைகளிலும் வயர் கட்டி, ஒன்றின் நுனியில் ஊசி வைத்த டெஸ்ட் லேம்ப்பை.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். பாய் வண்டியைத் தொடவில்லை. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "சார், அம்மா பக்கத்து சுவிட்ச்ல எறக்கினா எறங்குதா?" என்று கேட்டார்.

"இறங்குகிறது, பாய். ஏறத்தான் மாட்டேன் என்கிறது."

"உங்க கதவு சுவிட்ச்ல?"

"இரண்டும் இல்லை."

சிறிது நேரம் யோசித்தார். "மோட்டார் நல்லா இருக்கு சார். எறங்கத் தெரிஞ்ச மோட்டாருக்கு ஏறவும் தெரியும். உங்க பக்கத்துக் கதவுல ஒரு வயர் அறுந்திருக்கு" என்றார்.

இடப்பக்கத்து ஜன்னல் பழுதென்று கொண்டுவந்தவனிடம், வலப்பக்கத்துக் கதவில் குற்றம் என்று, வண்டியைத் திறந்தும் பாராமல் ஒருவர் சொல்வதைக் கேட்டபோது எனக்கு உண்டான ஆச்சரியத்தைவிட, அதற்கு அவர் சொன்ன விளக்கத்தால் உண்டான சந்தோஷமே பெரியது. அதை நான் கிரகித்துக்கொண்டபடி எழுதுகிறேன். ஜன்னல் மோட்டாருக்குச் செல்வது இரண்டே வயர்கள். ஒன்றில் மின்சாரம் வந்து மற்றொன்றின் வழியே எர்த்துக்குப் போனால் மோட்டார் ஒரு திசையில் சுற்றும். அவை இடம் மாறினால் எதிர்த்திசையில் சுற்றும். ஏறுவதற்கு ஒரு மோட்டார், இறங்குவதற்கு ஒரு மோட்டார் என்று இல்லை. ஆகவே ஒரு திசையில் சுற்றும் மோட்டார் கெட்டதன்று. அதற்கு மின்சாரம் தரும் பியூஸும் போனதன்று. இடப்பக்கத்துச் சுவிட்சோ, தானாக எர்த்தைப் பெறுவதில்லை. அதிலிருந்து இரண்டு வயர்கள் வண்டியின் உடலைச் சுற்றிக்கொண்டு டிரைவர் கதவிலிருக்கும் பெரிய சுவிட்சுக்கு வந்து, அங்கேதான் எர்த்தைச் சேர்கின்றன. அந்த இரண்டில் ஒன்று அறுந்துபோனால் என்ன நேரும்? அம்மா இறக்கும்போது மின்சாரம் அறுபடாத வயர் வழியே எர்த்துக்குத் திரும்பிவிடும், கண்ணாடி இறங்கும். ஏற்றும்போது திரும்பவேண்டிய வழி அறுந்த வயரினுடையது, கண்ணாடி நிற்கும். என் சுவிட்சை அழுத்தினாலோ, போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரண்டு வயர்களும் வேண்டும். ஆகவே இரு திசையிலும் அசைவிராது. நான் சொன்ன மூன்று விடைகளும் அந்த ஒரே காரணத்தோடு பொருந்துகின்றன. மோட்டார் கெட்டிருந்தால், அம்மாவின் சுவிட்சில் கண்ணாடி இறங்குகிறது என்பது பொருந்தாது.

"எந்தக் கதவுன்னு எப்படிச் சொன்னீங்க, பாய்?" என்று கேட்டேன்.

"எல்லாக் கதவையும்விட டிரைவர் கதவைத்தானே சார் அதிகமாத் தொறந்து மூடுறீங்க? வயரும் அங்கதான் மடங்கி மடங்கி அறும்" என்றார்.

இதுவரையில் அனுமானம். அதைப் பிரத்தியக்ஷமாகக் காட்டிய பின்பே அவர் கருவியை எடுத்தார். சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, பையனை இடப்பக்கத்துச் சுவிட்சை ஏற்றும் திசையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தாம் வலப்பக்கத்துக்கு வந்து டிரைவர் கதவை மெல்லத் திறந்தார். கதவு பாதி திறந்த ஓரிடத்தில், எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி ஒரு சாண் எழும்பி நின்றது. இன்னும் சிறிது திறந்தார், அசைவில்லை. மறுபடி மூடிக்கொண்டு வந்தபோது, அதே இடத்தில் மறுபடி எழும்பியது. அறுந்த முனைகள் இரண்டும் அந்த ஒரு கோணத்தில் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, அந்தப் பக்கத்துக் கதவத் தொறந்தா இந்தப் பக்கத்துக் கண்ணாடி ஏறுதே!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே, கீல்களுக்கு இடையில், மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் வயர்களெல்லாம் அதற்குள்ளே செல்லும். பாய் அதன் விளிம்பை விரலால் நெம்பிக் கழற்றி, பின்னுக்குத் தள்ளி, உள்ளே இருந்த கற்றையைப் பிரித்தார். பார்வைக்கு எல்லா வயர்களும் முழுமையாகவே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார்; ஒன்றை இழுத்ததும் அதன் மேலுறை மட்டும் நீண்டு மெலிந்தது. உள்ளே செம்பு இல்லை. உறையைச் சீவிக் காட்டினார்: செம்பிழைகள் முறிந்து, நுனிகள் களிம்பேறிப் பச்சையாயிருந்தன. கடற்காற்றும் மழை ஈரமும் படும் எங்கள் பக்கத்தில் செம்புக்கு அந்த நிறம் சீக்கிரமே வந்துவிடுகிறது. களிம்பேறிய பகுதியை இருபுறமும் நறுக்கி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, அதே கனமுள்ள புது வயரை நடுவில் வைத்து முறுக்கி, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, அதன்மேல் உறை சுருக்கினார். ஒட்டுகளில் ஒன்று கதவுக்கு உள்ளேயும் மற்றது தூணுக்கு உள்ளேயும் போகும்படி நீளத்தை வைத்தார். மடங்கும் இடத்தில் ஒட்டு வரக்கூடாது, வந்தால் அங்கேயே மறுபடி முறியும் என்றார். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு வயர்களின் உறை வெடித்திருக்கவே, அவற்றையும் அப்போதே மாற்றினார். அம்மா சுவிட்சை அழுத்தினார்; கண்ணாடி ஏறியது; மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினார். நகரத்துப் பட்டறை கேட்ட தொகையில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு பாய் எங்களை அனுப்பிவைத்தார்.

அதன் பின் அவர் கடை எனக்கு ஒரு பாடசாலை போலாயிற்று. விடுமுறை நாட்களில் அங்கே போய் அமர்ந்திருப்பேன். "வாத்தியார் படிக்க வந்துட்டார்" என்று பையனும் டீ சொல்லுவான். ஆனால் ஒரு கதவின் உள்ளே நடப்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் சந்தர்ப்பம், அம்மா காலமான பிறகு, பெஞ்சல் புயலுக்குப் பின்புதான் கிடைத்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அந்தப் புயல், கரையேறியும் நகராமல் நின்று, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேலான மழையைக் கொட்டியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் முற்றத்திலும் வெள்ளம் ஏறி, காரின் கதவுகளுக்கு உள்ளே சேறு போயிற்று. நீர் வடிந்து வண்டி ஓடத் தொடங்கியபோது, பின்பக்கத்து ஜன்னல்களில் ஒன்று அசையவில்லை. ஒன்று பாதியிலே கரகரத்து நின்றது. முன்பக்கத்தவை இரண்டும் நோயாளி படியேறுவதைப் போல் தயங்கி ஏறின.

ஒரே வெள்ளத்தில் நனைந்த நான்கு கதவுகள் ஆகையால், நான்குக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து என்று நினைக்கத் தோன்றும். பாய் அப்படி நினைக்கவில்லை. அசையாத ஜன்னலின் சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, வண்டிக்குள் எரியும் சிறு விளக்கைப் பார்த்தார். மோட்டார் மின்சாரத்தை இழுத்து, சுற்ற முடியாமல் திணறினால், விளக்கு ஒரு கணம் மங்கும். மங்காவிட்டால் மின்சாரம் மோட்டாருக்குள் ஓடவே இல்லை என்று அர்த்தம். இங்கே மங்கவில்லை. பின்னர் கதவின் உட்பலகையாகிய டோர் பேடைக் கழற்றினார். கைப்பிடியின் குழிக்குள் ஒரு மூடிக்குக் கீழே ஒளிந்திருந்த ஸ்குரூவை எடுத்து, ஓரங்களில் உள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பேடை மேலே தூக்கி எடுத்தால், கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழிக்காமல் உரிப்பதில் அவர் காட்டிய சிரத்தை பெரிது. அந்தத் தாள் கிழிந்தால் மழைநீர் பேடுக்கு வந்து சுவிட்சைக் கெடுக்கும் என்பார். தாளுக்குப் பின்னால் கதவின் வயிற்றில், ஆற்றுச் சேறும் நெல் உமியும் வேப்பிலைச் சருகும் குழைந்து கிடந்தன. அடியில் நீர் வடிவதற்கென்று இருக்கும் துவாரங்கள் அடைத்துப்போயிருந்தன. ஒரு குச்சியால் அவற்றைக் குத்தினார். கறுத்த நீர் நெடுநேரம் ஒழுகியது.

மோட்டாருக்கு வயர்கள் வந்து சேரும் கப்ளரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துச் சுவிட்சை அழுத்தினால், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பல்பு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வாசல்வரை வருகிறது, உள்ளே ஏற்பவர் இல்லை. ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டியதும் அது ஒரு கணம் சுற்றி நின்றது. கார்பன் இறுகிக்கொண்டது என்று சொல்லி, அதைப் பிரித்து, சேற்றைத் துடைத்து, கார்பன் உரசும் செம்புப் பட்டைகளை நைஸான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தார். கரகரத்து நின்ற ஜன்னலில் குற்றம் ரெகுலேட்டரில் இருந்தது. அதில் மோட்டார் ஒரு சிறு உருளையைச் சுற்ற, அதில் சுற்றிய எஃகுக் கம்பி, கப்பிகள் வழியே ஓடி, கண்ணாடியின் அடியைப் பற்றியிருக்கும் பிடியை மேலும் கீழும் இழுக்கிறது. அந்தக் கம்பியின் இழைகள் பிரிந்து உருளையில் சிக்கியிருந்தன. "இதை ஒட்டக்கூடாது சார். மாத்தித்தான் ஆகணும். ஒட்டினா ஒருநாள் கண்ணாடி உள்ள விழுந்துடும்" என்றார். மாற்றவேண்டியதை மாற்றச் சொல்வதிலும் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை.

தயங்கி ஏறிய இரண்டிலும் காரணங்கள் வேறுவேறாயிருந்தன. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டிய மீட்டர், இடப்பக்கத்து மோட்டாரின் வாசலில், அது சுற்ற முயலும்போது, 9 வோல்ட்தான் காட்டியது. இடையில் எங்கோ மின்சாரத்தின் வலிமை சிந்துகிறது. சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே உள்ள சிறு தொடுமுனைகள் கரிந்து துருப்பிடித்திருந்தன. சுத்தம் செய்ததும் ஜன்னல் பழைய வேகத்துக்கு வந்தது. வலப்பக்கத்திலோ வோல்ட் குறையவில்லை. கண்ணாடியைப் பிடியிலிருந்து விடுவித்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினார். அது தடையின்றி ஓடியது. ஆகவே தடை கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில். அதில் சேறு உலர்ந்து அரம்போல் ஆகியிருந்தது. தண்ணீரால் கழுவித் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்தார். எங்கள் ஊரில் பலர் இதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் ரப்பரை ஊதவைத்து, புழுதியையும் பிடித்துவைத்து, சில மாதங்களில் முன்னிலும் மோசமாக்கிவிடும். பிள்ளைகள் கண்ணாடி மேலே முட்டிய பிறகும் சுவிட்சை அழுத்திக்கொண்டேயிருந்தால், மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நின்றுவிடும் என்றும், சற்றுப் பொறுத்தால் தானே உயிர்க்கும் என்றும், அதைப் பழுது என்று நினைத்து மோட்டாரை மாற்றியவர்களைத் தாம் அறிவார் என்றும் அப்போது சொன்னார். நான்கு கதவுகள், நான்கு காரணங்கள். அவற்றில் புதுச் சாமான் கேட்டது ஒன்று மட்டுமே.

அங்கே நான் அமர்ந்திருந்த ஒரு நாளில், வயர் அறுந்த ஒரு வண்டியைக் கொண்டுவந்தவர், வேலை முடிந்து கூலி கேட்டதும், "ஒரு முழம் வயரை ஒட்டினதுக்கா பாய் இவ்வளவு?" என்று குரலை உயர்த்தினார். பாய் கோபிக்கவில்லை. "வயருக்கு ஒண்ணும் வேணாம், அண்ணே. தேடினதுக்குக் குடுங்க" என்றார். அந்த மனிதர் பாதியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சம்பவம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஏனெனில் அவரைப்போலத்தான் நாம் பெரும்பாலோர் நடந்துகொள்கிறோம். பெட்டியில் வரும் புதுச் சாமானுக்கு, அதன்மேல் அச்சிட்ட விலையைப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றிப் பணம் எண்ணுகிறோம். அது தேவையில்லை என்று கண்டறிந்து சொன்ன அறிவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அப்படி இருக்கும்போது, பட்டறை வைத்திருப்பவர் தம்முடைய உழைப்பை எதில் ஏற்றிவைப்பார்? சாமானில்தான் ஏற்றிவைப்பார். நிதானமாக விசாரிப்பவருக்கு நஷ்டமும், பார்த்தவுடன் மாற்றச் சொல்பவருக்கு லாபமும் வரும்படியான ஏற்பாட்டை வாடிக்கைக்காரர்களாகிய நாமே செய்துவைத்துவிட்டு, நல்ல மெக்கானிக் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

அறிவுக்கு விலை கொடுக்க அறியாத மண்ணன்று இது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கனுடைய எட்டாம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், இந்த ஊரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு 3 கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்ட செய்தியைச் சொல்லுகின்றன. கற்றறிந்தவர்கள் கூடியிருந்து ஆராயவும் கற்பிக்கவும் வேண்டும் என்பதற்காக, நெல் விளையும் கிராமங்களின் வருவாயை விட்டுக்கொடுத்த ஊர் இது. நியாய சாஸ்திரம் கற்றவர்கள், ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் இருப்பது அன்வயம் என்றும், ஒன்று இல்லாதபோது மற்றொன்றும் இல்லாமற்போவது வியதிரேகம் என்றும், இவ்விரண்டையும் கொண்டே காரணத்தை நிச்சயிக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். டிரைவர் கதவு ஒரு கோணத்தில் நின்றபோது எதிர்க் கண்ணாடி எழும்பியதும், கோணம் மாறியபோது அது நின்றதும் அதுவன்றி வேறென்ன? கண்ணாடியை விடுவித்துவிட்டு மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்த்ததும் அதுவே. அந்தச் சாஸ்திரத்தின் பெயர்களை வில்லியனூர் பாய் கேள்விப்பட்டிருக்க மாட்டார்; அதன் வழியிலேதான் நாள் முழுவதும் நடந்துகொண்டிருந்தார். ஏட்டில் உள்ள தர்க்கத்துக்குக் கொடுக்கும் மரியாதையை, கிரீஸ் படிந்த கையில் இருக்கும் தர்க்கத்துக்கும் கொடுக்கவேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஆகவே, ஜன்னல் பழுதென்று என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிவருகிறேன். எந்தச் சுவிட்சில் எந்தத் திசையில் நிற்கிறது, ஓசை உண்டா, உள்விளக்கு மங்குகிறதா, வண்டி சூடேறிய பிறகா, மழைக்குப் பிறகா என்பவற்றை முதலில் நீங்களே கவனித்து, மெக்கானிக்கிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சாமானை மாற்றவேண்டும் என்று சொன்னால், குற்றம் அதில்தான் இருக்கிறது என்பதைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அறிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு என்று ஒரு கூலியை வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்; குற்றம் ஓர் அறுந்த வயரில் முடிந்தாலும், அந்தக் கூலியைக் குறைக்காதீர்கள்.

அன்று டீ சொன்ன பையன் இப்போது பாகூர்ச் சாலையில் தனியாகக் கடை வைத்திருக்கிறான். நான் சொல்லிச் சொல்லி, தன் பில்லில் சாமானுக்கும் வேலைக்கும் மேலே, 'தேடிய கூலி' என்று முதல் வரியாகத் தனியே எழுதத் தொடங்கியிருக்கிறான். முதலில் வந்தவர்கள் அதை விசித்திரமாகப் பார்த்தார்கள்; சிலர் வேறு கடைக்குப் போனார்கள். தேவையற்ற மோட்டார் ஒன்றை அங்கே மாற்றிக்கொண்டு, ஜன்னல் அப்படியே நிற்க, திரும்பி வந்தவர்களும் உண்டு. அந்த வரிக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள் இப்போது எங்கள் ஊரில் ஒரு சிலராவது இருக்கிறார்கள். அவர்கள் பலராகும்போது, பார்த்துச் சொல்லத் தெரிந்த மெக்கானிக்குகளும் தாமாகவே பலராவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.